ஃபிரிட்ஜில் இருப்பது வெங்காயம் இல்லை!

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வெயிலில் ஹயசின்த் பூக்குமா? பூக்கும். ஆனால் குளிர்காலம் வந்துபோனதாகக் கிழங்கை முதலில் நம்பவைக்க வேண்டும்.

புரட்டாசி பிறந்ததும் காகிதப் பையில் போட்டு, ஃபிரிட்ஜில் 10 முதல் 12 வாரம் வையுங்கள். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். பையில் பெரிதாகப் பெயர் எழுதுங்கள். எங்கள் அத்தை வெங்காயம் என்று நினைத்துக் குழம்புக்கு உரிக்கவே உட்கார்ந்துவிட்டார். அது விஷக்கிழங்கு, தொட்டாலும் சிலருக்கு அரிக்கும்.

பிறகு கழுத்து குறுகிய கண்ணாடி ஜாடியில், கிழங்கின் அடியைத் தொட்டும் தொடாமலும் தண்ணீர். முங்கினால் அழுகும். வேர் இறங்கும்வரை இருட்டு மூலை, அப்புறம் ஜன்னலோரம். மூன்று, நான்கு நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள். டெங்கு கொசு வளர ஒரு வாரமே போதும்.

இவ்வளவு பொறுமை இல்லையா? பேப்பர்வொயிட் நார்சிசஸ் வாங்குங்கள். அதற்கு ஃபிரிட்ஜ் வேண்டாம்.