பந்திக்கு முந்துவோம்

குறைவாக உண்பதே பெண்ணுக்கு அழகு என்கிறது ஔவையார் பெயரில் வழங்கும் கொன்றை வேந்தன். தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளை மனப்பாடம் செய்ய வைத்த நூல் அது. அழகு என்று சொல்கிறதே தவிர உடல்நலம் என்று சொல்லவில்லை. அந்த வரியில் ஆணுக்கு இடமும் இல்லை.

புறநானூற்றின் 246ஆம் பாடலில் பூதப்பாண்டியனின் மனைவி பெருங்கோப்பெண்டு கைம்பெண்ணின் உணவைப் பட்டியலிடுகிறாள். நெய் படாத சோற்று உருண்டை, எள் துவையல், புளி ஊற்றி வேகவைத்த வேளைக்கீரை. இதைத் தின்று, பரல்கல் மேல் படுத்து உயிர்வாழ்வதைவிட ஈமத்தீயே மேல் என்று சொல்லித் தீயில் இறங்குகிறாள். அந்தப் பட்டியலை இன்று வழவழப்பான தாளில் அச்சடித்து, மேலே ‘டயட் சார்ட்’ என்று எழுதினால் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் பெண்களாகத்தான் இருப்பார்கள்.

கடைசியில் சாப்பிடு, குறைத்துச் சாப்பிடு, மிச்சத்தைச் சாப்பிடு என்று வீடு நமக்குச் சொல்லி வந்ததைத்தான் டயட் வேறு குரலில் சொல்கிறது. மாமியார் சொன்னால் கொடுமை என்று தெரிகிறது. பயிற்சியாளர் சொன்னால் அக்கறை போலக் கேட்கிறது. நாமே நமக்குச் சொல்லிக்கொண்டால் அதற்குத் தன்னம்பிக்கை என்று பெயர்.

பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் “பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனபோது எனக்கு இருபத்துமூன்று வயது. அன்றிலிருந்து நாற்பத்திரண்டு வயதுவரை ஏதோ ஒரு டயட்டில் இருந்தேன். கொள்ளு ரசம், வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், இரவில் இரண்டு சப்பாத்தி, பேலியோ, பதினாறு மணிநேர விரதம். முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பாதிப் பசியில்தான் எழுதினேன். அந்த ஆண்டுகளின் குறிப்பேடுகளைப் புரட்டினால் கவிதை வரிகளுக்குப் பக்கத்திலேயே இட்லிக்கும் தோசைக்கும் போட்ட கலோரிக் கணக்கு இருக்கிறது. எடை குறைந்தது, திரும்பி வந்தது, மறுபடி குறைந்தது, மறுபடி வந்தது. குறைந்தபோதெல்லாம் டயட்டுக்குப் பாராட்டு. திரும்பி வந்தபோதெல்லாம் எனக்கு மன உறுதி போதாது என்ற தீர்ப்பு.

இந்த மன உறுதிக் கதைக்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஒரு பட்டினிச் சோதனை நடத்தினார். நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,570 கலோரி என்று ஆறு மாதம் அரைப்பட்டினி. அவர்கள் உயரமான ஆண்கள், வாரத்துக்கு 22 மைல் நடந்தவர்கள் என்பதால் அந்த எண்ணை நம் உடலோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் அவர்கள் மனத்துக்கு நேர்ந்ததை ஒப்பிடலாம். உணவைத் தவிர வேறெதிலும் அவர்களுக்கு நாட்டம் இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வாசித்தார்கள். தட்டை வழித்து நக்கினார்கள். எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கிப் போனார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் தின்றார்கள். இவர்கள் யார் தெரியுமா? போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் அரசையே மறுத்தவர்கள். மன உறுதிக்கு இவர்களிடம் என்ன பஞ்சம்?

அதே கீஸ்தான் 1972இல், உடலின் எடையை உயரத்தின் இருமடியால் வகுக்கும் கணக்குக்கு பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார். அந்தக் கணக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் கணிதவியலாளர் அடோல்ஃப் கெட்லே, ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடியபோது கிடைத்தது. தனியொருவரின் நலத்தை அளக்க அவர் அதை உருவாக்கவில்லை. இன்று உடற்பயிற்சிக்கூடத்தின் வாசலில் நம்மை நிறுத்தி வைத்துத் தேர்ச்சியா தோல்வியா என்று அறிவிப்பது அந்த எண்தான்.

நம் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இதே வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரின் எடை வரையறுக்கப்பட்ட அளவைவிடக் கூடுதல். இந்த இரண்டு எண்களும் முரண்படுவதாகத் தோன்றினால் நம் வீடுகளில் பரிமாறும் வரிசையைப் பாருங்கள். மீனின் நடுத்துண்டு யாருக்கு? வறுத்த முட்டை யாருக்கு? கடைசியில் உட்காருகிறவளுக்கு மிஞ்சுவது சோறும் அடிக்குழம்பும். வயிறு நிறையும், இரத்தம் ஊறாது. இந்தப் பெண்ணிடம் போய்க் குறைத்துச் சாப்பிடு என்று சொல்வது எந்த அறிவியல்? சர்க்கரை நோய்க்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ மருத்துவர் சொல்லும் உணவுமுறை மருந்தோடு சேர்ந்தது. அதைப் பற்றி நான் பேசவில்லை. நோயில்லாத உடலை நோயென்று நம்ப வைக்கும் வியாபாரத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

மூன்றாண்டுகளாக நான் எந்த டயட்டிலும் இல்லை. மூன்று வேளையும் பசிக்கும்போது உட்கார்ந்து சாப்பிடுகிறேன், வீட்டில் எல்லோருக்கும் வைத்த பானையிலிருந்தே. காலையில் இட்லி, வெயில் காலமென்றால் பழைய சோறும் சின்ன வெங்காயமும். மதியம் சோறு, ஒரு குழம்பு, கீரையோ காயோ ஒன்று. வாரத்தில் நான்கு நாள் முட்டை. மத்தி மலிவாகக் கிடைக்கும் நாளில் மத்தி. மாலையில் சுண்டலோ வேர்க்கடலையோ. யாராவது லட்டு கொடுத்தால் தின்றுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறேன். எடை பார்க்கும் கருவியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று. இளைத்தேனா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பதில் கிடையாது.

எழுதும்போது எளிமையாக இருக்கும் இந்த வாழ்க்கை நடைமுறைக்கு வர எங்கள் வீட்டில் ஏழெட்டு மாதம் சண்டை நடந்தது. தோசை கல்லிலிருந்து நேராகத் தட்டில் விழவேண்டும் என்பது வீட்டு விதி. அந்த விதிப்படி சுடுகிறவள் கடைசியில்தான் சாப்பிட முடியும், அதுவும் நின்றுகொண்டே. இப்போது முறை வைத்துச் சுடுகிறோம். ஒரு நாள் நான், ஒரு நாள் கணவர், விடுமுறைக்கு வந்தால் மகன். குழம்பு, ரசம், கூட்டு, பொரியல் என்று நாலு பாத்திரம் இருந்த இடத்தில் இரண்டு. நடுத்துண்டு முறை மாறி வரும். முதலில் முகம் சுளித்த என் மாமியார் எழுபத்தோரு வயதில் முதல் பந்தியில் உட்காருகிறார். எளிய உணவு என்று நான் சொல்வதில் இவ்வளவும் அடக்கம். சமைக்கிறவளின் முதுகு ஒடியாத உணவுமுறைதான் நீடிக்கும்.

அதனால்தான் ‘பாட்டி காலத்து உணவு’ என்று சந்தை போடுகிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறேன். கைக்குத்தல் அரிசி என்கிறார்கள். யாருடைய கை? உரலையும் அம்மியையும் பாடுகிறவர்கள் அவற்றின் முன் கழிந்த பெண்களின் காலைகளைப் பாடுவதில்லை. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது நல்லதுதான். ஏழையின் கூழாக இருந்த கம்பும் தினையும் வண்ணப் பையில் ஏறி, ரேஷன் அரிசி வாங்குகிற பெண்ணுக்கு எட்டாத விலையில் நிற்பது நல்லதா? ‘எளிய உணவு’ என்று சொல்லிச் சைவத்தை மட்டும் பரிமாறும் தந்திரத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கருவாடும் மாட்டிறைச்சியும் இந்த மண்ணின் உழைக்கும் மக்களுடைய எளிய உணவு. இரும்புச்சத்தைத் தேடி அலையும் நாட்டில் அவற்றைத் தீட்டு என்று ஒதுக்குவது சாதி. அதற்கு ஆரோக்கியம் என்ற போர்வை வேண்டாம்.

வகுப்பில் மணிமேகலை நடத்தும்போது காயசண்டிகையிடம் சற்று நிற்பேன். ஒரு முனிவர் உண்பதற்கு வைத்திருந்த நாவற்கனியை மிதித்துவிட்டாள் என்று பன்னிரண்டு ஆண்டுகள் யானைத்தீ என்னும் தீராப்பசி அவளுக்குச் சாபமாகிறது. ஓர் ஆணின் சாப்பாடு கெட்டதற்குப் பெண்ணுக்குப் பசி தண்டனை. அந்தப் பசியை அவள் அடக்கி வெல்லவில்லை. ஆதிரை இட்ட பிச்சையை ஏற்ற அமுதசுரபியிலிருந்து மணிமேகலை கொடுத்த உணவை உண்டதும் அது தீர்கிறது. மூன்று பெண்களின் கைமாறி வந்த சோறு.

இந்த இடத்தில் என் மாணவிகள் சிலர் தலை குனிவார்கள். தொடக்கப்பள்ளிக் குழந்தை பசியோடு வகுப்பில் உட்காரக் கூடாது என்று 2022இல் தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் வந்தது. அதே மாநிலத்தில் பதினெட்டு வயதுப் பெண் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வந்து பதினொரு மணிக்கு என் வகுப்பில் கண் இருண்டு சாய்கிறாள். கேட்டால் “டயட் மேம்” என்கிறாள், சிரித்துக்கொண்டே.

அவளுக்கும் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பந்திக்கு முந்து என்ற பழமொழியை ஆண்களுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இரண்டாவது முறை சோறு கேளுங்கள். முட்டை எத்தனை, ஆள் எத்தனை என்று வீட்டில் சத்தமாக எண்ணுங்கள். இன்று இரவு தோசையென்றால் பசியோடு முதலில் உட்காருங்கள். கல்லுக்கு முன்னால் நிற்க வீட்டில் வேறு ஆளும் இருக்கிறார்.