உலோகத்தின் மேல்தோலில் காந்தம் உண்டா?

மாணவ நண்பர்களே, நம் பள்ளிகளில் காந்தப் பாடம் சட்டக் காந்தத்தோடும் இரும்புத் தூளோடும் முடிந்துவிடுகிறது. அங்கே நிறுத்துவது சரியல்ல என்பது என் கருத்து.

ஒரு கேள்வி. நிக்கல் துண்டின் உள்ளே இருக்கும் காந்தத் தன்மை, அதன் கடைசி அணு வரிசையிலும் இருக்குமா? உள்ளே உள்ள அணுவுக்கு எல்லாப் பக்கமும் அண்டை அணுக்கள். மேற்பரப்பு அணுவுக்கோ ஒரு பக்கம் வெறும் வெளி. ஆகவே ஐயம் நியாயமானதே. 1970-இல் ஆய்வாளர் சிலர், மேற்பரப்பு காந்தம் இழந்த ‘செத்த அடுக்கு’ என்றே அறிவித்தனர்.

இதைச் சோதிக்க 1973-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ராவ், சீஸ்மன் என்னும் இருவர் அயனிக் கற்றையைக் கையாண்டனர். இம்முறையில் வேகமான டியூட்டெரான்கள் உலோகப் பரப்பை உரசுவதுபோல் மிகச் சாய்வாகச் செலுத்தப்படுகின்றன. குளத்தில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் மூழ்காமல் தத்திப் போகிறதல்லவா? அதுபோல அயனி உள்ளே புகாமல் திரும்புகிறது. திரும்பும்போது மேல் அடுக்கிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடித்துச் செல்கிறது. அவ்வாறு பிடிபட்ட எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரு திசையில் மிகுந்திருந்தால் பரப்பில் காந்தம் உண்டு. இரு திசையிலும் சமமானால் இல்லை. நிக்கலில் ஒரு திசையே மிகுந்திருந்தது. மேல்தோல் சாகவில்லை!

“இதனால் யாருக்கு என்ன பயன்?” என்று கேட்பவர்கள் உண்டு. சில அணு அடுக்குகளே தடித்த படலங்களில் பரப்புதான் பெரும்பகுதி. அத்தகைய படலங்களில் 1988-இல் ஃபெர், குரூன்பெர்க் இருவரும் தனித்தனியே கண்ட மாபெரும் காந்தமின்தடை விளைவு, கணிப்பொறி வன்தட்டில் தகவலைப் படிக்க உதவியது. 2007-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

“இதெல்லாம் பெரிய ஊர்க்காரர்களுக்கு” என்று கீழ்பென்னாத்தூர் மாணவர்கள் ஒதுங்குவதைத்தான் நான் ஏற்கமாட்டேன். பல்கலைக்கழக மானியக் குழு 1984-இல் டில்லியில் அணுக்கரு அறிவியல் மையத்தை நிறுவியதே, பல்கலைக்கழகங்கள் அனைத்தும் ஒரே முடுக்கியைப் பகிர்ந்துகொள்ளத்தான். இன்று அது பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம். காந்தப் படலங்களை அயனிக் கற்றை எப்படி மாற்றுகிறது என்ற ஆய்வும் அங்கே நடந்துள்ளது. நம் கல்பாக்கத்திலும் அயனி முடுக்கிகள் உள்ளன. இவை மக்கள் வரிப்பணத்தில் எழுந்தவை. நம் உழவர் வீட்டுப் பணமும் அதில் உண்டு.

ஆகவே ஆசிரியர்கள் காந்தப் பாடத்தில் மேற்பரப்புக்கும் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். அவர்கள் மறந்தால், நீங்கள் எழுந்து கேளுங்கள்.