ஒழுகும் ஓட்டைக்கு எந்தப் பசை?



போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் கிள்ளானில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. முன்பு தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த பையன் ஒருவன் தொலைபேசியில் கூப்பிட்டான். "சார், கொஞ்சம் வந்து பாருங்க சார். வேன்ல தண்ணி ஒழுகுது. சம்சாரத்துக்குக் கரண்ட் அடிச்சிருச்சு" என்றான். குரல் நடுங்கியது.

"முதலில் மின்சாரத்தை நிறுத்து. நான் வரும்வரை எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நல்ல வேளை, அந்தப் பெண்ணுக்குக் கை உதறியதோடு போயிற்று.

அவன் கதை உங்களில் பலருடைய கதைதான். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியானது. குடும்பம் பட்டணத்துக்கு வந்தது. தாயார் பால்மரம் சீவிச் சேர்த்த சேமநிதிப் பணத்தில் பழைய வேன் ஒன்றை வாங்கி, பின்னால் அலுமினியப் பெட்டி கட்டி, தோசையும் மீ கோரெங்கும் விற்றுப் பிழைக்கிறார்கள். கூரையில் புகை போக்கும் விசிறி, பக்கத்தில் சன்னல், வெளியே ஒரு விளக்கு. இந்த மூன்றையும் சுற்றித்தான் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. தீபாவளிக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் கடை போட வேண்டும் என்று அவன் நம்பியிருந்தான்.

"பசை போடலையாடா?" என்று கேட்டேன். "மூணு டியூப் போட்டேன் சார். கடையில மலிவா இருந்ததை எடுத்தேன்" என்றான். மழை விட்டபின் ஏறிப் பார்த்தேன். பழைய பசையின் மேலேயே புதுப் பசையைத் தடவியிருந்தான். விரலால் நெம்பியதும் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

பசை ஏன் விட்டுப்போகிறது? அலுமினியம் வெயிலில் நீளும், மழையில் சுருங்கும். மத்தியான வெயிலில் கொதிக்கும் கூரை, சாயங்கால மழையில் சட்டென்று குளிர்கிறது. இந்த வேறுபாடு 40 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கூடிக் குறையும். இரும்புத் தகரம் அதில் பாதி. தினமும் இப்படி இழுபடும் இடத்தில், இழுத்தால் நீண்டு விட்டால் திரும்பும் பசைதான் நிலைக்கும். இறுகிக் கல்லாகும் பசை வெடித்துவிடும்.

பால்மரத்தோடு வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். ரப்பர் நன்றாக நீளும். ஆனால் ரப்பர் வளையத்தை வெயிலில் சில வாரம் போட்டு வையுங்கள், வெடித்துப்போகும். நீளவும் வேண்டும், வெயிலையும் தாங்க வேண்டும். அதற்குத்தான் பல வகைப் பசைகள் வந்தன.

முதலாவது சிலிக்கோன். வெயிலுக்கு அசையாது. ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. பிதுக்கும்போது வினிகர் வாடை அடித்தால் அது அமிலம் கக்கும் வகை. கண்ணாடிக்கும் குளியலறை ஓட்டுக்கும் நல்லது. நாகம் பூசிய தகரத்தையும் செம்பையும் அது அரிக்கும். உலோகத்துக்கு 'நியூட்ரல்' என்று டியூபில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, சிலிக்கோன் மேல் சாயம் பிடிக்காது, வேறு பசையும் ஒட்டாது. பழையதைச் சுத்தமாகச் சுரண்டியே ஆகவேண்டும்.

இரண்டாவது பாலியூரித்தேன். கார் முன்கண்ணாடியை ஒட்டுவது இந்த வகைதான். பிடித்தால் விடாது, சாயமும் அடிக்கலாம். வெறுமனே வெயிலில் விட்டால் மேல்பகுதி வெளுத்து வெடிக்கும். பின்னால் கழற்ற வேண்டிய விளக்கு, விசிறிக்கு இதைப் போடாதீர்கள். கழற்றும்போது தகடு வளைந்துவிடும்.

மூன்றாவது பியூட்டைல் நாடா. வண்டி டியூப் செய்கிறார்களே, அந்த ரப்பர் இனம். சுருளாகக் கிடைக்கும். இறுகிப்போகாமல் நெடுநாள் பிசுபிசுப்பாகவே இருக்கும். விளக்கு, விசிறி ஆகியவற்றின் விளிம்புக்கு அடியில் வைத்துத் திருகாணியை முறுக்கினால் இடுக்கெல்லாம் நிரம்பும்.

நான்காவது கலப்பு வகை. டியூபில் 'எம்.எஸ். பாலிமர்' என்று இருக்கும். விலை சற்று அதிகம். அமிலம் இல்லை, பல பரப்புகளில் ஒட்டும், சாயமும் ஏற்கும். இதில்லையென்றால் நியூட்ரல் சிலிக்கோன் போதும். தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் பசை வீட்டுக்குள் சுவர் வெடிப்புக்குச் சரி, கூரைக்கு ஆகாது. தாரை அலுமினியத்தில் பூசாதீர்கள். வெயிலில் இளகும், நாளாக நாளாக வெடிக்கும். பிறகு அந்த இடத்தில் நல்ல பசை எதுவும் ஒட்டாது.

மறுநாள் நாங்கள் செய்த வேலை இதுதான். விளக்கையும் விசிறியையும் கழற்றினோம். பழைய பசையைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட்டோம். ஈரத்தில் போட்ட பசை ஈரத்தோடே வந்துவிடும். விளிம்புக்கு அடியில் பியூட்டைல் நாடா வைத்து முறுக்கினோம். திருகாணித் தலைகள் மேலும், விளிம்பைச் சுற்றியும் கலப்புப் பசையைப் பென்சில் பருமனுக்கு இட்டோம். சன்னலுக்கு மட்டும் மேல்பக்கமும் இருபக்கமும் அடைத்து, கீழ்ப்பக்கத்தைத் திறந்து விட்டோம். தப்பி உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி வேண்டுமல்லவா?

இரண்டு நாள் காயவிட்டு, குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சினோம். மின்சாரம் நிறுத்தியபடியே, உள்ளே அவன் மனைவி டார்ச் விளக்கோடு பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு சொட்டுகூட இல்ல சார்" என்றார். அதன்பிறகு உரிமம் பெற்ற மின்பணியாளர் வந்து கம்பிகளைச் சோதித்த பிறகே அடுப்பு பற்றியது. பிரிக்பீல்ட்ஸில் கடையும் போட்டார்கள்.

வேன் இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. வீட்டுத் தகரக் கூரை ஒழுகினால் முதலில் திருகாணியின் ரப்பர் வாசரைப் பாருங்கள். அது வெடித்திருந்தால் புது வாசர் போடுங்கள். சில காசில் முடிகிற வேலை. மேலே பசை அப்புவது அதற்குப் பிறகுதான். டியூப் வாங்கும்போது காலாவதித் தேதியையும் பாருங்கள். பழைய டியூப் உள்ளேயே இறுகிக் கிடக்கும்.

அன்று வேனில் அவன் தாயார் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "முப்பது வருசம் மழையில நனைஞ்சு சேர்த்த காசு சார்" என்றார். அந்தக் காசு மழையில் கரையலாமா? மலிவு என்று கையை நீட்டுமுன் டியூபில் எழுதியிருப்பதைப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகளே, நீங்கள் படித்துச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.