காரைத் தாழ்த்தலாமா?

காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டுவதில் வாலிபர்கள் சிலருக்கு மோகம் பிறந்திருக்கிறது. பார்க்க அழகுதான். பாய்வதற்குப் பதுங்கிய புலியைப் போல் இருக்கிறது. ஆனால் புலிக்குக் காடு இருக்கிறது. இந்தக் காருக்கு ஏற்ற ரோடு எங்கே இருக்கிறது?

தாழ்ந்த கார் பந்தயத்துக்கு உரியது. எடை தரைக்கு அருகில் இருந்தால், வளைவில் வண்டி சாயாது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும், கோவைப் பந்தய வீரர் கரிவர்தன் பெயரால் செட்டிபாளையத்தில் அமைந்த ஓடுபாதையிலும் பள்ளம் இல்லை, வேகத்தடையும் இல்லை.

சங்கரன்கோவிலில் கதை வேறு. வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம் இருக்கலாம் என்பது விதி. விதியை மீறி எழுப்பியவை எத்தனையோ! சிறிய கார்கள் பலவற்றின் அடிவயிறு தரையிலிருந்து 16, 17 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதில் 5 சென்டிமீட்டரைக் குறைத்தால் மிச்சம் என்ன? ஆடித்தபசு பார்க்க ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தால் அதுவும் குறையும். அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி அடிபட்டால், நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்!

இன்னொரு கொடுமையும் உண்டு. செலவுக்குப் பயந்து, இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டுகிறார்கள். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால், மீதி ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விறைத்துப்போகும். வெட்டிய முனை இருப்பிடத்தில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் நழுவலாம். நெருப்பில் காய்ச்சித் தாழ்த்துவது அதைவிட மோசம். இரும்பின் முறுக்கே போய்விடும்.

ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. அதன் துள்ளலை ஷாக் அப்சர்பர் அடக்குகிறது. நம் ஊர்ச் சங்கரநாராயணர் திருமேனியில் அரனும் அரியும் ஒன்றாக நிற்பதைப் போல, இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்க வேண்டும். குட்டை ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டுப் பழைய ஷாக் அப்சர்பரை விட்டுவைத்தால், அது ஒவ்வொரு குழியிலும் அடியில் போய் முட்டும், சீக்கிரமே கெட்டுப்போகும். பிறகு வண்டி துள்ளும். சக்கரம் தரையைப் பிடிக்காது. பிரேக் போட்டாலும் நினைத்த இடத்தில் நிற்காது.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தினார்கள்.

ஆகவே வாலிபர்களே! ஊருக்குள் ஓடும் காரைத் தாழ்த்த வேண்டாம். வண்டி ஆடாமல் அசையாமல் ஓட வேண்டும் என்பதுதானே ஆசை? அந்தப் பணத்தில், தேய்ந்துபோன ஷாக் அப்சர்பர்களைக் கழற்றிவிட்டு, உங்கள் காருக்கென்றே செய்த புதியவற்றை ஜோடியாகப் போடுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதையும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

தெருவில் நிற்பவர்கள் காரின் அழகை ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். பின் ஸீட்டில் உட்கார்ந்திருக்கும் தாயும் குழந்தையும் உங்களை நம்பியல்லவா ஏறியிருக்கிறார்கள்!