சிஸ்டர், உங்க பேர் என்ன?

மதுரையில் எந்த நர்ஸிங் கல்லூரிக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். முதல் வருட மாணவிகள் கையில் சின்ன விளக்கோடு வரிசையாக நின்று உறுதிமொழி எடுப்பார்கள். பின்வரிசையில் அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அந்த விளக்கு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலுடையது. 1854-ல் 38 நர்ஸ்களோடு துருக்கிக்குப் போய், காயம்பட்ட சிப்பாய்களை இரவெல்லாம் சுற்றிப் பார்த்தவர். படங்களில் அவர் கையில் இருப்பது எண்ணெய் விளக்கு. உண்மையில் அவர் ஏந்தியது துருக்கியர்களின் மடக்குக் கூண்டு விளக்கு!

அவர் பிறந்த நாள் மே 12. அதையொட்டி வருடந்தோறும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் ஓர் ஆராதனை நடக்கும். அங்கே ஒரு விளக்கு, நர்ஸ் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, பீடத்தைச் சேரும். ஒரு தலைமுறை கற்றது அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போரில் உயிர்விட்ட நர்ஸ்களுக்கு அங்கே தனிச் சிற்றாலயமே உண்டு. அவர்கள் பெயர்கள் ஒரு புத்தகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

நம் ஊரில்?

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, மனைவியின் பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். இளம்பெண் ஐடா ஸ்கடருக்கோ வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்த இரவுதான் அவரை டாக்டராக்கியது. வேலூர் மருத்துவமனை அப்படிப் பிறந்தது. 1909-ல் அங்கே நர்ஸ் பயிற்சிப் பள்ளி வந்தது. 1946-ல் பட்டப் படிப்பே வந்துவிட்டது.

மதுரை கீழ வெளி வீதி மிஷன் ஆஸ்பத்திரிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர் ஹாரியட் பார்க்கர் பெண்களுக்காகவே அங்கே பல்லாண்டுகள் உழைத்தார்.

ஆனால் டாக்டரம்மா மட்டும் போதுமா? ராத்திரி கண்விழிக்க, பெட்பேன் எடுக்க, புண்ணைத் துடைக்க ஆள் வேண்டுமே! ‘கண்டவர் உடம்பைத் தொடுவதா, ராத்திரி வெளியே தங்குவதா’ என்று வீடுகள் பெண்ணை அனுப்பத் தயங்கிய காலம் அது. ஊர்ப் பேச்சைத் தாங்கிக்கொண்டு முதலில் வந்த நம் பெண்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

இன்றும் அதே கதைதான். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறோம். பத்து நாள் கழித்து டிஸ்சார்ஜ். டாக்டர் பெயர், அவர் படித்த படிப்பு, ஃபீஸ் எல்லாம் மனப்பாடம். நடுராத்திரி அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்த பெண்ணோ வெறும் ‘சிஸ்டர்’.

வருடத்துக்கு ஒரு நாள் விளக்கு ஏற்றுவது நல்லதுதான். அடுத்த முறை ஊசி போட வருகிறவரிடம், “உங்க பேர் என்னம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகத்திலும் ஒரு விளக்கு எரியும்.