குனிய வேண்டிய வெளிச்சம்

ஆடி அமாவாசைக்கு முந்தைய இரவு மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் காரில் போனவர்களுக்குத் தெரிந்த காட்சிதான் இது. பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை. அதைத் தாண்டினால் போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் நடுவே வெள்ளைக் கோடு ஒன்றுதான். வானத்தில் நிலவு கிடையாது. விடிவதற்குள் அக்னி தீர்த்தத்தில் இறங்கிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். எதிர் காரின் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. பிரைட் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து இவர் ஒருமுறை டிம்-டிப் அடிக்கிறார். அவர் பதிலுக்கு உண்மையான பிரைட்டை ஒரு நொடி காட்டி அணைக்கிறார். ‘நான் டிம்மில்தான் வருகிறேன்’ என்று அதற்குப் பொருள். இருவர் சொல்வதும் உண்மை. விளக்கு டிம்மில்தான் எரிகிறது. கண்ணும் கூசத்தான் செய்கிறது.

அந்த எதிர் காரில் ஐந்து பேர். டிக்கியில் மாற்றுத் துணி, தர்ப்பணச் சாமான், புளியோதரைத் தூக்கு, தீர்த்தம் பிடிக்க இரண்டு கேன். பின் ஸ்பிரிங் அமுங்கி, முன்மூக்கு தூக்கியிருக்கிறது. கணக்கு எளிது. சின்ன காரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி சுமார் 240 செ.மீ. பின்பக்கம் 5 செ.மீ. இறங்கினால் வண்டியே 2 சதவீதம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். தொழிற்சாலையில் டிம் ஒளியை அமைப்பதோ ஏறக்குறைய 1 சதவீதம் கீழ்நோக்கி, அதாவது 10 மீட்டருக்கு 10 செ.மீ. தாழ்வாக. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், தரையைப் பார்க்க வேண்டிய ஒளி 1 சதவீதம் வானத்தைப் பார்க்கிறது. தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் உள்ள விளக்கின் ஒளி விளிம்பு, 50 மீட்டர் தள்ளி 115 செ.மீ. உயரத்தில் போய் நிற்கும். எதிரே காரோட்டி வருபவரின் கண் இருப்பதும் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான்.

இதற்கான மருந்து பல கார்களின் உள்ளேயே இருக்கிறது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே, 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு திருகு. முன்னிருக்கையில் மட்டும் ஆள் என்றால் 0. எல்லா இருக்கையிலும் ஆள் என்றால் 1. ஆட்களோடு டிக்கியும் நிறைந்தால் 2. ஓட்டுநர் மட்டும், டிக்கியில் முழுச் சுமை என்றால் 3. வண்டிக்கு வண்டி இது கொஞ்சம் மாறும். சங்கதி ஒன்றுதான், எண் கூடக் கூட விளக்கு குனியும். ஆனால் வாங்கிய அன்று சைபரில் இருந்த திருகு, பல வண்டிகளில் விற்கிற அன்றும் சைபரிலேயே நிற்கிறது. சாவி கொடுக்கும்போது ஷோரூமில் ப்ளூடூத்தைப் பொறுமையாக இணைத்துக் காட்டுகிறார்கள். இந்தத் திருகைத் தொட்டுக் காட்டுகிறவர்கள் குறைவு.

இரவு ஓட்டத்தில் கண் கூசுவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, எல்.ஈ.டி. வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது என்பார்கள். அது பாதி உண்மை. ஊருக்குள்ளும் பிரைட்டிலேயே ஓட்டுகிறவர்கள் தனி ரகம்; அவர்களுக்கு அபராதம்தான் புரியும். ஆனால் டிம்மில், சட்டத்தை மதித்து, நல்ல மனதோடு ஓட்டிக்கொண்டே எதிரே வருபவரின் கண்ணை மறைக்கிற வண்டிகளைப் பற்றி அரசும் பேசுவதில்லை, காவல் துறையும் பேசுவதில்லை. அந்தக் கோளாறு சாய்வில் இருக்கிறது. அதை அளக்க வேண்டும். அளக்க வைக்க வேண்டியது போக்குவரத்துத் துறை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி இதற்கென்றே எழுதப்பட்டது. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவரின் கண் இருந்தால், அந்தக் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழே தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது அது. மூன்று அளவையும் மீட்டர் கணக்கில் சொல்லிவிட்ட விதி இது. சாலையில் இதை அளப்பவர்தான் யாரும் இல்லை.

அளப்பதற்குப் பதிலாக நம் ஊரில் நெடுங்காலமாகச் செய்தது, ஹெட்லைட்டின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. அதற்கு முன்னால் கறுப்பு பெயின்ட். போக்குவரத்துக் காவலர்கள் வண்டிகளை ஓரங்கட்டி வரிசையாக ஒட்டிவிடுகிற படமும் செய்தித்தாளில் வரும். பழைய வட்ட விளக்குகளின் காலத்தில் அதனால் கொஞ்சம் பயன் இருந்திருக்கலாம். ஸ்டிக்கர் ஒளியைக் குறைக்கும். ஒளி போகும் திசையை மாற்றாது. மேலே பார்க்கிற விளக்கு, ஸ்டிக்கர் ஒட்டிய பிறகும் மேலேதான் பார்க்கும். ஓட்டுபவருக்குச் சாலை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

பல்பு சமாசாரத்தையும் பார்த்துவிடலாம். ஹாலஜன் ஹெட்லைட்டுகளில் பெரும்பாலும் இருக்கும் எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு இழை தெரியும். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்கு அடியில் சிறு கரண்டி மாதிரி ஒரு தகடு. இழையின் ஒளி கீழ்ப்பக்கம் இறங்கி, அங்கிருந்து மேல்நோக்கித் தெறிக்காமல் தடுப்பது அந்தத் தகடுதான். சுவரில் டிம் வெளிச்சம் கத்தரித்தாற்போல முடிவதும் அதனால்தான். விளக்கின் உட்கிண்ணம் இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் சுத்தமாகக் கணக்கிட்டுச் செய்யப்படுகிறது. அந்தக் கிண்ணத்துக்குள், உதிரிபாகக் கடையில் வாங்கிய எல்.ஈ.டி. பல்பைச் செருகினால் ஒளி பிறக்கும் இடமே மாறிவிடுகிறது. விளிம்பு கலைந்து, வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது. ஓட்டுபவருக்குத் தன் வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பளிச்சென்று தெரிவதால், சாலை நன்றாகத் தெரிவதாக ஒரு மயக்கம். தொலைவில் கிடக்கும் பள்ளம் முன்பைவிட மங்கலாகத்தான் தெரியும். அனுமதியில்லாமல் வண்டியில் இப்படி மாற்றம் செய்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182-ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பல்பு விற்கிற கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

ஆனாலும் விளக்கை வேண்டுமென்றே தூக்கி வைத்துக்கொள்கிறவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. “ரோட்டில் மாடு படுத்திருக்கும், டெயில் லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லர் நிற்கும். எனக்குத் தெரிய வேண்டாமா?” என்பது அவருடைய கேள்வி. தெரியத்தான் வேண்டும். 65 செ.மீ. உயர விளக்கு 1 சதவீதம் குனிந்தால் அதன் விளிம்பு 65 மீட்டரில் தரையைத் தொடும். 80 கி.மீ. வேகத்தில் வருகிறவர், கண்டு, மிதித்து, நிறுத்த ஏறக்குறைய 70 மீட்டர் ஆகும். கணக்கு அப்போதே இழுபறிதான். அதே விளக்கு இரண்டரை சதவீதம் குனிந்துவிட்டால் 26 மீட்டர்தான் தெரியும், 40 கி.மீ. வேகத்துக்கு மேல் நிறுத்த வழியில்லை. ஆக, எல்லா விளக்கையும் பொத்தாம்பொதுவாகக் கீழே இறக்கு என்பதும் ஆபத்தான அறிவுரை. பம்பர் இடித்து மாற்றிய பிறகு ஒரு விளக்கு கீழேயும் மற்றது மேலேயும் பார்க்கிற வண்டிகள் உண்டு. சொந்தக்காரருக்குச் சாலையும் தெரியாது, எதிரே வருபவருக்குக் கண்ணும் தெரியாது. சரியான உயரம் என்று ஒன்று இருக்கிறது, அது இருதரப்புக்கும் நல்லது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு சுவரும் டேப்பும் சாக்பீஸும் போதும். சமதளமான இடம், டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள், திருகு சைபரில். சுவருக்கும் விளக்குக்கும் 5 மீட்டர் இடைவெளி விட்டு வண்டியை நேராக நிறுத்த வேண்டும். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு. அதற்கு 5 செ.மீ. கீழே இன்னொரு கோடு. டிம்மைப் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு வலப்பக்கம் படுக்கையாகவும் இடப்பக்கம் சற்றே மேலேறியும் தெரியும். இடப்பக்கம் ஏறுவது கோளாறு அல்ல. ஓரத்தில் நடப்பவரும் கைகாட்டிப் பலகையும் தெரிவதற்காகத்தான் அப்படி. படுக்கை விளிம்பு கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் பானட்டைத் திறந்து, விளக்கின் பின்னால் உள்ள சரிசெய்யும் திருகை ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். மற்ற விளக்கின் முன்னால் ஒருவர் அட்டையைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது. வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேடு சொல்வதே சரி.

ஆனால் இதை ஒவ்வொருவரும் சாக்பீஸோடு செய்வார்கள் என்று நம்பி ஓர் அரசு இருக்க முடியாது. 2022-இல் நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இங்கே உயிரிழந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் ஐந்தில் ஒரு விபத்து மாலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையே நடக்கிறது. இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடி வழியே எதிர் வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்கு, அது எப்படி ஒரே வெள்ளைத் திரையாக விரியும் என்று தெரியும். விபத்துக் காரணங்களின் அரசுப் பட்டியலில் அதிவேகத்துக்கும் குடிபோதைக்கும் கைப்பேசிக்கும் தலைப்பு இருக்கிறது. கண் கூசியதற்குத் தலைப்பு இல்லை. எழுதப்படாத காரணத்துக்கு நடவடிக்கையும் வராது.

நான்கு வழிச் சாலைகளின் நடுத்திட்டில் அரளி நடுவது பூவுக்காக மட்டும் அல்ல. எதிர் வெளிச்சத்தை மறைக்கவும்தான். மக்களின் பெரும்பகுதி இரவில் பயணிப்பது அரளி இல்லாத இருவழிச் சாலைகளிலும் ஊராட்சிச் சாலைகளிலும்.

லாரிக்கும் பேருந்துக்கும் வாடகைக் காருக்கும் தகுதிச் சான்று வேண்டும். முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். அங்கே விளக்கையும் பார்க்க வேண்டும் என்பது விதி. எந்த அழகில் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை. சொந்தக் காருக்கு அதுகூட இல்லை. பதிவு செய்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகள் வரை அதன் ஹெட்லைட் எங்கே பார்க்கிறது என்று எந்த அதிகாரியும் கேட்கப் போவதில்லை. பிரிட்டனில் மூன்று வயதான கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போகிறது. ஒளியின் சாய்வு தப்பினால் சான்று கிடையாது. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஜெர்மனியில் 1956-லிருந்து அக்டோபர் மாதத்தை விளக்குச் சோதனைக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். குளிர்காலத்து நீண்ட இரவுகள் தொடங்கும் முன்பே, பணிமனைகளில் காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்து, முன்கண்ணாடியில் ஒரு ஒட்டுச்சீட்டும் ஒட்டுகிறார்கள். இங்கே ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வருகிறது. பேரணி, உறுதிமொழி, ரோஜாப்பூ.

புதிதாகப் பெரிய கட்டமைப்பு ஒன்றும் வேண்டாம். சொந்தக் கார்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒருமுறையாவது போயே தீர வேண்டிய இடம் ஏற்கெனவே இருக்கிறது: புகைப் பரிசோதனை மையம். சக்கரம் வைத்த கம்பத்தில் ஒரு பெட்டி, பெட்டியின் முகப்பில் ஒரு லென்ஸ், உள்ளே கோடு போட்ட சிறு திரை. ஹெட்லைட் சோதனைக் கருவி என்பது இவ்வளவுதான். 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் விழ வேண்டிய ஒளியை அந்த லென்ஸ் பெட்டிக்குள்ளேயே குறுக்கிக் காட்டிவிடும். ஒரு விளக்கைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மையங்களுக்கு உரிமம் கொடுப்பது மாநிலப் போக்குவரத்துத் துறை. அந்த உரிமத்தின் நிபந்தனையாகவே இந்தக் கருவியையும் வைக்கச் சொல்லலாம்.

வண்டியைப் பார்க்காமலே புகைச் சான்று அச்சடித்துத் தருகிற மையங்கள் உண்டே, விளக்குச் சான்றும் அந்தக் கதிதானே என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் புகையின் அளவு சொந்தக்காரரின் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவருக்கு அதில் அக்கறை இருக்காது. விளக்கு அப்படி அல்ல. திரையில் விளிம்பு கோட்டுக்கு மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா என்று அவரே குனிந்து பார்த்துக்கொள்ளலாம். திருத்தினால் அன்று இரவே சாலை நன்றாகத் தெரிகிற லாபம் அவருக்கு. பெரும்பாலான வண்டிகளுக்குப் புது உதிரிபாகம்கூட வேண்டாம், நான்கு சுற்றுத் திருகினால் போதும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அபராதமும் வேண்டாம், அளவு எழுதிய சீட்டு மட்டும் போதும். அபராதம் பொருந்தாத பல்பு மாட்டியவர்களுக்கு இருக்கட்டும், அதைவிட முக்கியமாக அந்த பல்பை விற்கிறவர்களுக்கு. கார் நிறுவனங்களும் இலவச சர்வீஸ் பட்டியலில் சக்கர அலைன்மென்டுக்குப் பக்கத்திலேயே ஹெட்லைட் சாய்வுக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

விதி 106 எழுதப்பட்டு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதை அளக்கும் பெட்டியை ஒவ்வொரு புகைப் பரிசோதனை மையத்திலும் வைக்கச் சொல்லி, வருகிற ஜனவரிக்குள் தமிழ்நாடு போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும்.