மீன்தொட்டிக்கு ஏற்ற சிறு கெளிறு

அலங்கார மீன் வளர்ப்பு இன்று கமக்காரரின் இல்லங்களிலும் இடம்பெற்று வருகின்றது. கப்பி, மொலி, பிளாற்றி முதலிய சாதுவான மீன்களை ஒரே கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர், அடியில் எஞ்சும் இரையை உண்பதற்கெனக் கெளிற்று மீனையும் சேர்க்க விரும்புவர். அவ்விருப்பம் தக்கதே. ஆனால், எந்தக் கெளிற்றைத் தெரிவுசெய்வது என்பது தொட்டியை மாத்திரம் பொறுத்ததன்று. குளக்கட்டையும் வாய்க்காற்கரையையும் பொறுத்ததாகும்.

கடைகளிற் பெரிதும் விற்பனையாவது, "டாங்க் கிளீனர்" எனப்படும் உறிஞ்சுவாய்க் கெளிறு. அது கண்ணாடியில் ஒட்டிநின்று பாசியைச் சுரண்டி உண்ணும், விலை குறைந்தது, எளிதில் இறவாது. இக்குணங்களை மறுப்பதற்கில்லை. எனினும், வாங்கும்போது இரண்டு மூன்று அங்குலமாயிருக்கும் குஞ்சு, வளர்ந்தபின் ஓர் அடிக்கு மேற்பட்ட நீளத்தை அடையும். அதன் கழிவும் மிகுதி. ஆதலால் துப்புரவு செய்யவென வாங்கப்பட்ட மீனே நீரை அசுத்தமாக்கும். தொட்டி போதாதபோது, கொல்ல மனமின்றிச் சிலர் அதனை அருகிலுள்ள வாய்க்காலில் விட்டுவிடுகின்றனர். இரக்கத்தினாற் செய்யும் இச்செயலே கேட்டின் தொடக்கமாகும்.

தென்னமெரிக்க ஆறுகளுக்குரிய இம்மீன், இனப்பெருக்கத்தின் பொருட்டு மண்கரையில் மூன்று அடிக்கும் மேலாக வளை தோண்டும் இயல்புடையது. நீர் வற்றினும் ஈரமான வளையில் காற்றைச் சுவாசித்து உயிர்தாங்கும். தடித்த செதிற்றகடுகளும் முட்களும் வலைகளைக் கிழிக்கும். அமெரிக்காவின் புளோரிடாவிலும் மெக்சிக்கோவிலும் பிலிப்பைன்சிலும் தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வெளியேறிய இம்மீன்கள் பெருகிக் கரைகளையும் மீன்பிடித் தொழிலையும் பாதித்துள்ளன. இலங்கையிலும் மகாவலியின் பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் இவ்வினம் நிலைபெற்றுள்ளமையை ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். 1976ஆம் ஆண்டு முதல் வரண்ட வலய வயல்களை நோக்கி நீர் திருப்பப்படுவது அவ்விடத்திலிருந்தே என்பதைக் கமக்காரர் சிந்தித்தல் வேண்டும். எலி வளையையும் நண்டு வளையையும் கண்டவுடன் மிதித்து அடைப்பவர், வளை தோண்டும் மீனைத் தம் கையாலேயே வாய்க்காலில் விடுதல் பொருந்துமோ?

உள்ளூர் வாய்க்கால்களிற் பிடிபடும் கெளிற்றுக் குஞ்சும் சுங்கானும் கலப்பு மீன்தொட்டிக்கு ஏற்றவையல்ல. அவை இரவில் இரைதேடிச் சிறு மீன்களை விழுங்கிவிடும். சுங்கானின் முள் குத்தினாற் கடுமையான வலி உண்டாகுமாதலின், சிறுவர் கைவிடும் தொட்டியில் அதனை வைத்தல் ஆகாது.

இவற்றுக்குப் பதிலாகக் கொறிடோறாஸ் என்னும் சிறு கெளிற்றைத் தெரிவுசெய்தலே சிறந்தது. அது இரண்டு அல்லது மூன்று அங்குலத்துக்கு மேல் வளராது. பிற மீன்களைத் துன்புறுத்தாது. தாழ்நிலப் பகுதிகளுக்கு வெண்கல நிற வகையும், நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களுக்குக் கரும்புள்ளி வகையும் பொருந்தும். இவை கூட்டமாக வாழ்பவை. ஆகவே ஆறு மீன்களேனும் ஒருங்கே வளர்க்கப்படல் வேண்டும். அதற்கு இரண்டடி நீளமுள்ள தொட்டி தேவை. கூரிய கற்கள் மீசைகளைப் புண்படுத்துமாதலின், அடியில் மென்மணலைப் பரப்புக. மேல் மீன்கள் உண்டு எஞ்சியது போதுமென்று எண்ணாது, அமிழும் இரையை மாலையில் இடுக. இடையிடையே அவை மேலெழுந்து காற்றை விழுங்குவது இயல்பே, நோயன்று.

ஆறு மீன்களுக்கு ஒன்றிலும் கூடுதலான செலவாகும் என்பதும், கொறிடோறாஸ் பாசியை அகற்றாது என்பதும் உண்மையே. ஆயின், பாசியைத் துணியினாலே துடைத்துவிடலாம்; தொட்டியில் வெயில் படாது தடுத்தால் அது குறையும். எந்த மீனும் வளர்ப்பவனின் வேலையை முற்றாகச் செய்துவிடாது. வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றியே ஆதல் வேண்டும். அகற்றிய நீரைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு ஊற்றினால் அது பயிருக்கு உரமாகும். உப்போ மருந்தோ கலந்த நீரை மாத்திரம் பயிருக்கு விடலாகாது. எந்நீரையும் வாய்க்காலில் ஊற்றலாகாது. முட்டைகளும் குஞ்சுகளும் அதனுடன் செல்லக்கூடும்.

உறிஞ்சுவாய்க் கெளிற்றை ஏற்கெனவே வளர்ப்போர் அதனை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கலாம். அல்லது வெளிநீருடன் தொடர்பற்ற பெரிய சீமெந்துத் தொட்டியுடையவரிடம் ஒப்படைக்கலாம். இரண்டும் இயலாவிடின், துன்புறாவகையிற் கொன்று எருக்குழியிற் புதைத்தலே முறை. கொறிடோறாசாயினும் வேறெந்த அந்நிய மீனாயினும் குளத்திலோ வயலிலோ விடப்படலாகாது. குளக்கட்டு ஊருக்குப் பொதுவானது. அதனைக் காக்கும் கடமை, மீன் வாங்கும் நாளிலேயே ஒவ்வொரு கமக்காரருக்கும் தொடங்கிவிடுகின்றது.